தட்டு மாற்றி நிறுத்தல்

தோப்பூரில் நெல் ஆலையொன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலைசெய்து ஓய்ந்த ஒருவருக்குச் செவி மந்தமாயிற்று. ஆலையில் நின்றவருக்குச் செவி மந்தமாவது அவ்வூரில் எவருக்கும் வியப்பளிப்பதில்லை. எஞ்சினின் இரைச்சலும் தோற்பட்டியின் படபடப்பும் நாள்தோறும் வந்து மோதும் காது, முதலிற் குருவிகளின் ஒலியை இழக்கிறது. பின்னர் பேச்சிலுள்ள ச, ஸ, ஷ போன்ற கூரிய ஒலிகளை இழக்கிறது. ஈற்றில், யாரோ பேசுவது கேட்கிறது, பேசுவது இன்னதென்பதுதான் விளங்கவில்லை என்ற நிலை வந்து சேர்கிறது. அவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. திருகோணமலையிற் செய்த சோதனையில் இரு செவிகளும் குன்றியிருப்பதும், பட்டியின் பக்கமாக இருந்த இடச்செவி சற்றுக் கூடுதலாகக் குன்றியிருப்பதும் தெரியவந்தன. இரண்டுக்கும் கருவி வேண்டும் என்றார்கள். ஒரு போகத்து விளைச்சலின் பணம் ஒரு கருவிக்குத்தான் போதியதாயிற்று. அதனை வலச்செவிக்கு வாங்கினார்.

ஒற்றைக் கருவி அவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது, திசையைக் கொடுக்கவில்லை. உலகத்தின் ஒலிகளெல்லாம் வலப்புறத்திலிருந்து வரத் தொடங்கின. குசினியிலிருந்து மனைவி கூப்பிட்டால் அவர் எழுந்து படலையடிக்குப் போனார். பள்ளிவாசலின் பாங்கொலி ஒரு நாளும் வந்திராத பக்கத்திலிருந்து வந்தது. வீட்டிலே பிள்ளைகள் இதனைக் கண்டு சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆயினும் தனித்திருக்கும் வேளைகளில் அவர் சிரித்தாரென்று கூறுவதற்கில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், ஆகஸ்ட் மாதத்திலே மூதூர்ப் பகுதி மக்கள் கந்தளாயை நோக்கிப் பெயர்ந்தபோது, ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து எழுகிறது, எந்தப் பக்கத்திற் போய் விழுகிறது என்பதைக் காதாற் கணித்துத் தம் குடும்பத்தை வழிநடத்தியவர் அவர். கண்ணுக்கு முன்னாற் கிடப்பதைக் கண் காட்டும். முதுகுக்குப் பின்னால் வருவதைக் காதுதான் காட்டவேண்டும். அந்தக் காவலைத் தாம் இழந்துவிட்டதை அவர் அறிந்திருந்தார்.

அவருடைய இளைய மகன் அக்காலத்திற் பேராதனைப் பொறியியற் பீடத்தில் மின்னியல் பயின்றுகொண்டிருந்தான். இரண்டாவது கருவியை வாங்கும் வசதி அவனிடம் இல்லை. அதனைச் செய்துவிடலாம் என்ற துணிவு இருந்தது. இத்தகைய துணிவு இரண்டாம் ஆண்டில் அனைவருக்கும் உண்டாவது; மூன்றாம் ஆண்டிற் பெரும்பாலும் தணிந்துவிடுவது.

அவன் திட்டம் எளிமையானது. இரண்டு ஒலிவாங்கிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு விரியலாக்கி, அதாவது கடைத்தெருவில் 'அம்பிளிபயர்' எனப்படுவது, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு காதொலிப்பான். இடப்புற ஒலி இடச்செவிக்கு, வலப்புற ஒலி வலச்செவிக்கு. இரண்டும் ஒரே சிறு பெட்டியில், ஒரே 9 வோல்ற்றுப் பற்றரியில் இயங்கும். சட்டைப்பையில் இட்டுக்கொள்ளலாம்.

இரண்டு காதுகள் எதற்கு என்ற வினாவுக்கு இங்கிலாந்தின் ரேலி பிரபு 1907 இல் அளித்த விடை இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முதலிலும் இடச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. தலையைச் சுற்றிவர ஒலி எடுக்கும் மேலதிக நேரம் மிகக் கூடியதும் ஏறத்தாழ 0.65 மில்லிசெக்கன். தாழ்ந்த மீடிறன்களில் மூளை இந்நேர வேறுபாட்டைக் கொண்டு திசையறிகிறது. உயர்ந்த மீடிறன்களில் தலை ஒலிக்கு மறைப்பாகி நிழல் விழுத்துகிறது. அப்போது இரு செவிகளிலும் விழும் ஒலியின் வலிமை வேறுபாடு திசைகாட்டுகிறது. ஒரு பக்கம் ஒரு தெசிபெல் கூடினாலே செவி அதனை உணரும். ஒலி நடுவிலிருந்து அப்பக்கம் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். திரைப்படத்தில் நடிகர் ஒரு பக்கம் நிற்க அவர் குரல் வேறிடத்திலிருந்து வருவதைக் கண்டு எரிச்சலுற்ற அலன் புளூம்லைன் என்னும் பொறியியலாளர், இரண்டு ஒலிவாங்கிகளையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் கொண்ட முறைக்கு 1931 டிசம்பரிற் காப்புரிமை கோரினார். இன்று 'ஸ்டீரியோ' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் தொடக்கங்களில் அது தலையாயது.

ஆகவே மகனின் பெட்டிக்கு இரைச்சலைப் பெருக்கும் ஆற்றல் மட்டும் போதாது. இரு பக்கத்தையும் ஒரே அளவிற் பெருக்கும் நேர்மையும் வேண்டும். ஒரு பக்கம் மிகுந்தால், அது கேளாமையை விடத் தீது. கேளாதவன் திரும்பிப் பார்த்து நடப்பான். தவறாகக் கேட்டவன் நம்பி நடப்பான்.

விரியலாக்கிகளைச் சமப்படுத்துவது அவனுக்குக் கடினமாக இருக்கவில்லை. அதற்கு ஹரல்ட் பிளாக்குக்கு நன்றி கூறவேண்டும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளாக், 1927 ஆகஸ்ட் 2 ஆந் திகதி காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது எதிர்ப் பின்னூட்டல் என்னும் கருத்தைக் கண்டு, கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளிலே குறித்துக்கொண்டார். வெளியீட்டின் ஒரு பங்கை எதிராக உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், விரியலாக்கியின் நயம், நாளுக்கு நாள் மாறும் வால்விலோ திரான்சிஸ்டரிலோ தங்கியிராது. பெரும்பாலும் இரண்டு தடைகளின் விகிதத்தில் மாத்திரம் தங்கியிருக்கும். விரிவுரையில் இதனைக் கேட்டபோது மகனுக்கு மூதூர் இறங்குதுறை நினைவுக்கு வந்தது. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் அமையும் வரை, தோப்பூரிலிருந்து திருகோணமலைக்குப் போக எளிய வழி மூதூருக்குப் போய் லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்பதுதான். சிறுவனாக வாப்பாவின் மடியில் இருந்து அவன் பலமுறை கடந்திருக்கிறான். அந்த லோஞ்சின் எஞ்சின் இரைச்சலில் ஒருவருக்கும் ஒரு கருத்தும் தோன்றியிருக்க முடியாது என்று அவன் நண்பரிடம் கூறிச் சிரித்ததுண்டு.

இரு பக்கத்துக்கும் ஒரு சதவீதத் திருத்தமுள்ள தடைகளை இட்டதும் இரு விரியலாக்கிகளின் நயமும் ஒன்றாயின. எஞ்சியவை ஒலிவாங்கிகள். செஸ்லர், வெஸ்ற் என்னும் இருவர் 1962 இல் ஆக்கிய எலெக்ட்ரெற்று வகையைச் சார்ந்த, சட்டைப் பொத்தானினும் சிறிய, விலை மலிந்த ஒலிவாங்கிகள் அவை. இவ்வகையில் ஒரே பைக்கற்றிலிருந்து எடுத்த இரண்டின் உணர்திறன் பல தெசிபெல் வேறுபடலாம். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு சீராக்கும் தடையை வைத்து, ஆய்வுகூடத்து மேசையிலே, ஒலிபெருக்கியொன்றில் 1000 ஹேட்ஸ் தொனியை எழுப்பி, அலைவுகாட்டியின் திரையில் இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரை திருகினான். படிந்தன. அவனுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது உம்மா தம் கணவரின் வெள்ளைத் தொப்பியின் இரு ஓரத்திலும், காதுக்குச் சற்று மேலே, ஒலிவாங்கிகளை வைத்துத் தைத்துக் கொடுத்தார். தலை இடையே நிற்க வேண்டுமென்பதற்காகவே தொப்பி தெரிவுசெய்யப்பட்டது; சட்டைப்பையில் வைத்தால் நிழலும் இல்லை, நேர வேறுபாடும் இல்லை. திடீரென எழும் பேரொலி காதைத் தாக்காதிருக்க வெளியீட்டிலே இரண்டு இருவாயிகளை எதிரெதிராக இட்டு வீச்சத்துக்கு ஓர் எல்லை கட்டியிருந்தான். தொப்பியை அணிந்த வாப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "கிணத்தடியில ஆரோ தண்ணி அள்ளுறாங்க" என்று கூறி, கிணறு இருந்த பக்கமாகவே திரும்பினார். உம்மா உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள் தொப்பி சுவரில் இருந்த ஆணியில் தொங்கியது.

"என்ன வாப்பா, தொப்பி போடல்லையா?"

"வெயிலாக் கிடக்கு மகன்."

வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றும் மனிதரை மகன் அதுவரை கண்டதில்லை. உம்மாதான் நடந்ததைச் சொன்னார். முதல் நாள் மாலை சந்தியில் வாப்பா நடந்துகொண்டிருக்கையில் இடப்பக்கக் குறுக்குத் தெருவால் ஒரு லான்ட்மாஸ்டர் வந்திருக்கிறது. அதன் ஒலி அவருக்கு வலப்பக்கத்திற் கேட்டது. ஒதுங்குவதாக நினைத்து இடப்பக்கம் இரண்டடி வைத்தார். ஓட்டிவந்தவன் கைப்பிடியைத் திருப்பி வாய்க்காலுக்குள் இறக்கியதாற் பெருந்தீங்கு நேரவில்லை. முழங்கை உரைந்ததோடு போயிற்று. "மகனுக்குச் சொல்லாதே" என்று உம்மாவுக்குச் சொல்லியிருந்தார்.

வாப்பா அவனைக் கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மறைத்தாரே, அதுதான் அவனைச் சுட்டது. ஒற்றைக் கருவியோடு மூன்று ஆண்டுகள் அவர் தெருவிலே விழுந்ததில்லை. எல்லா ஒலியும் வலப்பக்கம் வருமென்று அறிந்திருந்ததால் எதையும் நம்பாது திரும்பிப் பார்த்தே நடந்தார். மகன் செய்த கருவி அவரை நான்கு நாட்களில் நம்பவைத்துவிட்டது.

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்து அவன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். ஒலிவாங்கிகளில் ஐயம் கொண்டான். அவற்றை மீண்டும் ஒப்பிட அவனிடம் ஆய்வுகூடம் இல்லை, ஒரு பல்மானியும் கைத்தொலைபேசியும் மாத்திரமே இருந்தன. வாப்பா அருகில் வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். இரண்டும் சமனா என்று பார்க்கிறேன் என்று சத்தமாகச் சொன்னான்.

"தட்டை மாத்திப் பாத்தியா?"

ஆலையில் நெல் நிறுத்தவர் அவர். தராசின் இரு தட்டும் வெறுமையாகச் சமனாய் நிற்பதைக் காட்டி மயக்கும் வியாபாரிகளை அவர் அறிவார். கோலின் ஒரு கை மற்றையதிலும் சிறிது நீண்டிருந்து, அதற்கேற்பத் தட்டின் பாரம் சரிக்கட்டப்பட்டிருந்தால், வெறுந்தராசு நேராகவே நிற்கும். பாரம் ஏறும்போதுதான் களவு தெரியும். அதனைக் கண்டுபிடிக்க வழி ஒன்றே: பண்டத்தையும் படிக்கல்லையும் இடமாற்றி மீண்டும் நிறுப்பது. இரண்டு நிறையும் ஒத்தால் தராசு நல்லது. வேறுபட்டால் உண்மையான நிறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெர்மானியக் கணித மேதை கவுஸின் பெயரால் வழங்கும் இரட்டை நிறுத்தல் முறை இதுவே. வாப்பா கவுஸைக் கேள்விப்பட்டவரல்லர்.

மறுநாட் காலை, காற்றெழுமுன், சூடடிக்கும் களத்துக்குப் போனார்கள். அறுவடை முடிந்து களம் வெறுமையாய்க் கிடந்தது. அறைக்குள்ளே சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து, ஓரிடத்தில் அதனைக் கூட்டும், ஒரு சாண் தள்ளிக் குறைக்கும். 1000 ஹேட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர்தான். ஆதலால் ஒலிவாங்கியைச் சற்று நகர்த்தினாலே அளவீடு மாறிவிடும். வெட்டவெளியில் இத்தொல்லை குறைவு. இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒரு கம்பில் அருகருகே கட்டி, தொலைபேசியிற் பல்மானிக்கு ஏற்ற 400 ஹேட்ஸ் தொனியை எழுப்பி அளந்தான். இடப்பக்கம் 410 மில்லிவோல்ற்று, வலப்பக்கம் 350. ஆறிலொரு பங்கு வேறுபாடு! அவன் திருகாணியைத் தேடிய கையை வாப்பா தடுத்தார். இடம் மாற்றிக் கட்டினார்கள். இப்போது இடம் 378, வலம் 380.

கணக்கைப் போட்டுப் பார்க்க, வேறுபாட்டிற் பாதிதான் ஒலிவாங்கியின் குற்றம் என்று தெரிந்தது. மறுபாதி கம்பின் ஒருபுறம் நின்ற வைக்கோற் போரினால் இடத்துக்கு நேர்ந்த குற்றம். முதலளவீட்டைக் கொண்டு திருகியிருந்தால் வைக்கோற் போரையும் சேர்த்தே சரிப்படுத்தியிருப்பான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: ஆய்வுகூடத்தில் அவன் செய்தது அதுவேதான். மாற்றிப் பாராது திருகியதால், அங்கிருந்த சுவரின் பிழையைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு தோப்பூருக்கு வந்திருந்தான்.

இருப்பினும் அந்தப் பிழை ஒரு தெசிபெல்லுக்கும் குறைந்தது. அதனால் ஒரு லான்ட்மாஸ்டர் தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகாது. வேறெதுவோ இருந்தது.

"எவ்வளவு சத்தம் வைச்சு நடந்தீங்க வாப்பா?" என்று கேட்டான். அவர் குமிழைத் திருகிக் காட்டினார்: கால்வாசி. அதற்கு மேல் வைத்தாற் கூவுகிறது என்றார். அதுவும் அறியப்பட்ட செய்திதான். காதொலிப்பானின் ஒலி தொப்பியிலுள்ள ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகினால் கூவல் பிறக்கும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி கூவுவதும் இதனாலேயே. மகனோ ஆய்வுகூடத்திலே காதொலிப்பானைக் கழற்றிவிட்டு, அளவீடு பெரிதாய்த் தெரியட்டுமென்று, குமிழை முழுவதும் திறந்து வைத்துச் சமன் பார்த்திருந்தான்.

குமிழைக் கால்வாசியில் வைத்து, இரு உள்ளீட்டுக்கும் ஒரே சைகையைக் கொடுத்து அளந்தான். இடப்பக்கம் 21 மில்லிவோல்ற்று, வலப்பக்கம் 40. ஏறத்தாழ 6 தெசிபெல். முழுவதும் திறந்தபோது இரண்டும் ஒன்று. குற்றவாளி அகப்பட்டான். ஒரே தண்டிலே இரண்டு மாறுந்தடைகளைக் கோத்த மலிவான பொருள் அது. தண்டு ஒன்றாயினும், உள்ளே கரிப்பூச்சுத் தடங்கள் இரண்டு. அவை பூசப்பட்ட விதம் முழுதும் ஒத்திராது. மேல்முனையில் அவை ஒன்றாக நிற்கும். கீழே இறங்க இறங்க ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இது எவரும் மறைத்த இரகசியமன்று. உற்பத்தியாளரின் விவரத்தாளிற் காணப்படும் செய்தியே. வெறுந்தராசு நேராய் நின்றதைக் கண்டு அவன் மயங்கியிருந்தான்.

மாறுந்தடை கழற்றப்பட்டது. மூதூரில் வானொலி திருத்துபவர் ஒருவரின் கடையிலே பழைய கருவியிலிருந்து எடுத்த சுழல் ஆளியொன்று, இரு முனையும் ஆறு நிலையும் உடையது, கிடைத்தது. ஒவ்வொரு நிலைக்கும் இரு பக்கத்திலும் அளந்து தெரிந்த நிலையான தடைகளை இட்டான். நிலைக்கு நிலை 4 தெசிபெல் உயரும். குமிழ் இனி வழுக்கிச் சுழலாது. 'டக்' என்று நின்று நின்று திரும்பும். வாப்பாவுக்கு அந்த 'டக்' பிடித்துக்கொண்டது. ஆறு நிலையிலும் தனித்தனியே அளந்து, தட்டு மாற்றியும் அளந்து, ஒரு கொப்பித் தாளில் எழுதினான். எந்நிலையிலும் வேறுபாடு கால் தெசிபெல்லைத் தாண்டவில்லை.

இவ்விடத்தில் மகன் வேலை முடிந்ததென்றே எண்ணினான். பொறி சமனாயிற்று, ஆனால் அதனை அணிபவரின் செவிகள் சமனல்ல. களத்தின் நடுவே ஒரு கதிரையில் வாப்பாவை இருத்தி, கண்களைக் கட்டி, மகன் அவரைச் சுற்றி நடந்து வெவ்வேறிடங்களில் நின்று கைதட்டினான். வாப்பா கைத்தடியால் திசையைக் காட்டவேண்டும். நேர் முன்னே தட்டியபோதெல்லாம் தடி சற்று வலப்பக்கம் சாய்ந்தது. சமன்செய்த பொறியைச் சமன் குலைப்பதா என்று மகன் தயங்கினான். அத்தனை பாடுபட்டுப் பெற்ற சமனல்லவா! வாப்பாவுக்கு அத்தகைய தயக்கம் இல்லை. "இடப்பக்கம் கூட்டு" என்றார். ஒரு தெசிபெல் கூட்டினான். தடி சிறிது நகர்ந்தது. மூன்று கூட்டியபோது தடி நேரே நின்றது. "இன்னும் கூட்டு மகன், நல்லாக் கேக்குது" என்றார் வாப்பா. கூட்டினால் தடி இடப்பக்கம் போயிற்று. நன்றாகக் கேட்பதும் சரியாகக் கேட்பதும் வேறென்பதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்கட்டை அவிழ்த்துத் தடி நின்ற இடத்தைத் தாமே பார்த்து, "சரி, மூண்டுலேயே வை" என்றார். அளந்து சமன்செய்திராவிட்டால் அந்த மூன்று எவருடைய மூன்று என்று எவருக்கும் தெரிந்திராது. சுவருடையதா, குமிழுடையதா, வாப்பாவின் இடச்செவியுடையதா என்று பிரித்தறிய இயலாதிருந்திருக்கும்.

குறைகள் இல்லாமற் போகவில்லை. கச்சான் காற்று எழுந்தால் தொப்பிக்குள் கடல் இரைந்தது; பஞ்சுறை போட்டும் முழுதும் அடங்கவில்லை. முன்னிருந்து வரும் ஒலியையும் பின்னிருந்து வரும் ஒலியையும் அவரால் எளிதிற் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் இரு செவிகளிலும் விழும் வேறுபாடு ஒன்றேயாதலால், கருவியைத் திருத்தி அதனைச் சரிப்படுத்தும் வழி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு வாப்பாவே வழி கண்டார். ஐயம் எழுந்தால் தலையைச் சிறிது வலப்பக்கம் திருப்புவார். ஒலி இடப்பக்கம் நகர்ந்தால் முன்னே, வலப்பக்கம் நகர்ந்தால் பின்னே. பார்ப்பவர்களுக்கு அவர் எதையோ மறுத்துத் தலையசைப்பது போலத் தோன்றும்.

விடுமுறை முடிந்து மகன் பேராதனைக்குப் புறப்பட்ட காலையில் வாப்பா சந்தி வரை கூட வந்தார். தொப்பி தலையில் இருந்தது. இருவரும் பேசிக்கொண்டு நிற்கையில் அவர் தலையை ஒருமுறை அசைத்து, பேச்சை நிறுத்தி, மூதூர்ப் பக்கம் திரும்பினார். தெரு வெறுமையாய்க் கிடந்தது. மகன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். சிறிது நேரத்தின் பின், வளைவுக்கப்பாலிருந்து பஸ் வந்தது.